அஞ்சு கால் யானை

வாடா பேராண்டி. திண்ணை சுடும், துண்டை விரிச்சு உட்காரு. என்ன அது கையில, தகர டப்பா? முறுக்குதான் கொண்டாந்திருக்கேன்னு நினைச்சு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுட்டேன். தொறந்தா 24 பென்சில்! ஹெச் போட்டது கெட்டியாம், பி போட்டது கறுப்பாம். எங்களுக்கெல்லாம் ஒரே பென்சில். காதுல சொருகியிருப்போம், அதைத் தேடி வீடு பூரா அலைவோம்.

"சின்னச் சின்னதா மிருகம் வரையப் போறேன் தாத்தா. உள்ளங்கை அளவுதான், ஆனா ஒவ்வொரு முடியும் தெரியணும்"ங்கற. நல்ல ஆசை. ஆறு நாள் கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கிட்டு இருக்கிற புள்ளைக்கு ஏழாம் நாள் இப்படி ஒரு பித்து இருக்கிறது உடம்புக்கு நல்லது. எங்க, நோட்டைக் காட்டு.

ம்ம். இது அணிலா? ஜோரா இருக்கு. முதுகுல நாலு கோடு போட்டிருக்கியே, ராமர் நாலு விரலால தடவினாரா? மூணுடா, மூணு. இந்தப் பக்கம் என்ன, கட்டிலா? ஆடா! நாலு காலும் நாலு மூலையில ஊனி நிக்குதே, மெத்தை போட்டா நான் மத்தியானம் படுத்துக்குவேன். சரி சரி, மூஞ்சியத் தூக்காத. தப்பு உன் கையில இல்ல. நீ ஆட்டைப் பார்த்து வரையல, ஆடுன்னா இப்படித்தான் இருக்கும்னு உன் மண்டைக்குள்ள ஒண்ணு கட்டி வச்சிருக்கியே, அதைப் பார்த்து வரைஞ்சிருக்க.

நான் படிச்சது எட்டாங்கிளாஸ். ஆனா இந்தக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல நாப்பது வருஷம் மிருகம் வரைஞ்சுதான் சோறு தின்னேன். யானை, மயில், அன்னம், யாளி, சிங்கம், இருதலைப்பட்சி எல்லாம் என் கை வழியாத்தான் சேலைக் கரைக்குப் போச்சு. முதல்ல வெள்ளைத் தாள்ல பென்சிலால வரைவேன். அப்புறம் அதைக் கட்டம் போட்ட தாள்ல ஏத்தி, கட்டம் கட்டமாச் சிவப்பு மை வைப்பேன். ஒரு கட்டம்னா ஒரு நூல். கட்டத்தைப் பார்த்து அட்டையில ஓட்டை குத்துவாங்க. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. அட்டையைக் கோத்து தறி மேல இருக்கிற ஜக்கார்டு பெட்டியில மாட்டினா, ஓட்டைக்குத் தக்கபடி பாவு நூல் தூக்கும். பிரான்சு தேசத்துல லியோன்னு ஒரு ஊராம், அங்க ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, ஜக்கார்டுன்னு பேரு, 1804-ல பண்ணின வேலை இது. அது இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க தாத்தா காலத்துல அடை கட்டித்தான் உருவம் எடுப்பாங்க. நூலை எண்ணி எண்ணிக் கயித்துல கட்டணும். ஒரு மயிலை எண்ணி முடிக்கறதுக்குள்ள வீட்டுல புள்ளை பொறந்து நடக்க ஆரம்பிச்சிரும்.

அதனால சொல்றேன், கேட்டுக்கோ. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

மிருகத்துக்கு முன்னாடி உட்காரக் கத்துக்கோ. நம்ம வரதர் கோயில் குளத்துக்குள்ள படுத்திருக்கிற அத்தி வரதர் 1979-ல வெளிய வந்தார், பார்த்தேன். திருப்பியும் குளத்துக்குள்ள போய் 40 வருஷம் படுத்துட்டு 2019-ல வந்தார், அப்பவும் பார்த்தேன். அவர் 40 வருஷம் அசையாம இருக்கார், நீ 40 நிமிஷம் இருக்க மாட்டேங்கிற. நடுவுல ரெண்டு தடவை செல்போனை எடுக்கிற. "ஆடு நகர்ந்துருச்சு தாத்தா"ன்னு குறை வேற. ஆடு நகராம உனக்குப் போஸ் குடுக்கணும்னா அது பிரியாணி ஆனாத்தான் உண்டு. நகரட்டும். ஒரே பக்கத்துல நாலு ஆடு தொடங்கு. நிக்கிறது ஒண்ணு, மேயறது ஒண்ணு, சொறியறது ஒண்ணு, படுத்து அசை போடறது ஒண்ணு. திரும்பினா அடுத்ததுக்குப் போ. கொஞ்ச நேரத்துல பழையபடி வந்து நிக்கும். அதுக்கு வேற என்ன, ஆபீசா இருக்கு?

பார்க்கறதுன்னா எதைப் பார்க்கறதுன்னு கேக்கற. வரதர் கோயில்ல படியேறிப் போய்த் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுட்டு வர்றோமே, இதுவரைக்கும் எத்தனை லட்சம் கை தொட்டிருக்கும்? அதுல எத்தனை பேர் பல்லிக்கு எத்தனை விரல்னு பார்த்திருப்பாங்க? தோஷம் போனாப் போதும்னு இறங்கிடுவாங்க. நம்ம வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னாடி இருக்கே, அதைப் பாரு. காலுக்கு அஞ்சு விரல். கண்ணுக்கு இமை கிடையாது, நாக்காலயே துடைச்சுக்கும். ஆட்டுக்குக் கண்மணி படுக்க வச்ச கோடு மாதிரி இருக்கும், பூனைக்கு நிமிர்த்தி வச்ச கோடு. ஆட்டுப் பின்னங்கால்ல பின்பக்கமா மடங்குதே, அது முட்டின்னு நினைச்சுத்தான் நீ கட்டில் செஞ்சிருக்க. அது குதிகால்டா. முட்டி மேல வயித்தோரமா ஒளிஞ்சிருக்கு. இது தெரிஞ்சாலே உன் கட்டில் எழுந்து நடக்கும்.

இந்த ஊர்ல வேதாந்தமே மிருகத்தைப் பார்த்துத்தான் பேசியிருக்காங்க. தூப்புல்ல பொறந்த தேசிகரை ஆசாரியரா வச்சுக்கிட்டவங்க குரங்குக் குட்டி நியாயம் சொல்வாங்க. குட்டிதான் தாயைக் கெட்டியாப் புடிச்சுக்கணும், அது மாதிரி பக்தனும். இன்னொரு கட்சி பூனைக்குட்டி நியாயம். குட்டி சும்மா இருந்தாப் போதும், தாயே கவ்வித் தூக்கிட்டுப் போகும். எது மோட்சத்துக்குக் குறுக்கு வழின்னு பெரியவங்க பேசட்டும், நாம பென்சிலோட போவோம். குரங்குக் குட்டிக்குக் கை விரல்லதான் உசிரு. அங்க பென்சிலை அழுத்தணும், கோடு முறுக்கா இருக்கணும். பூனைக்குட்டிக்குக் கழுத்துல மட்டும்தான் புடி, மத்ததெல்லாம் ஈரத்துணி மாதிரித் தொங்கும். அங்க அழுத்தினியோ, தாய்ப்பூனை குட்டியைத் தூக்கிட்டுப் போகாது, செங்கல்லைத் தூக்கிட்டுப் போகும். கனம் எங்க இறங்குதுன்னு தெரியாம முடி முடியா வரைஞ்சு என்ன பிரயோஜனம்?

பார்க்காம வரைஞ்சா என்ன ஆகும்னு நீதானே போன தீவாளிக்குச் செல்போன்ல காட்டின? டியூரர்னு ஒரு ஜெர்மனிக்காரர். 1502-ல முயலை முன்னாடி வச்சுக்கிட்டு ஒரு படம் எழுதினார். காது மடிப்பு, மீசை, கண்ணுக்குள்ள ஜன்னல் வெளிச்சம் கூட விழுது. அதே மனுஷன் 1515-ல காண்டாமிருகம் போட்டார். குஜராத் சுல்தான் குடுத்து, கப்பலேறி லிஸ்பனுக்குப் போன நம்ம நாட்டுக் காண்டாமிருகம். அவர் அதைக் கண்ணால பார்க்கல. கடுதாசியில வந்த சேதியையும் யாரோ கிறுக்கினதையும் வச்சுப் போட்டார். உடம்பு பூரா இரும்புக் கவசம், தோள் மேல உபரியா ஒரு குட்டிக் கொம்பு! அதையே நெசம்னு இருநூறு வருஷத்துக்கு மேல புஸ்தகத்துல போட்டிருக்காங்க. கை ஒண்ணுதான். கண் இருந்த இடத்துல முயல் வந்துச்சு, காது மட்டும் இருந்த இடத்துல யாளி வந்துச்சு.

யாளியைப் பத்தி இளக்காரமாப் பேசிட்டேன்னு நினைக்காத. யாளியை யாரு பார்த்தா, எப்படி வேணா போடலாம்னு நானும் சின்ன வயசுல நினைச்சேன். எங்க வாத்தியார் தாளைத் திருப்பிக் குடுத்து, "போய்க் கன்னுக்குட்டி துள்றதைப் பார்த்துட்டு வா"ன்னுட்டார். இல்லாத மிருகத்துக்கும் இருக்கிற மிருகத்தோட இடுப்புதான் வேணும். கைலாசநாதர் கோயில்ல ராஜசிம்ம பல்லவன் காலத்துச் சிங்கமெல்லாம் தூணுக்குத் தூண் பின்னங்கால்ல எழும்பி நிக்குதே, போய்ப் பாரு. சோத்து மூட்டையைக் கண்ட தெரு நாய் எழும்பி நிக்கிற அதே வேகம். கல்தச்சர் எங்க பார்த்திருப்பார்னு நான் சொல்லல, நீயே நினைச்சுக்கோ.

அடுத்தது, எல்லாத்தையும் வரையணும்ங்கற பேராசை. பெருசை அப்படியே சுருக்கினா சின்னப் படம் ஆகாது, அழுக்குதான் ஆகும். கட்டத் தாள்ல பாதிக் கட்டம் கிடையாது. மை வைக்கணும், இல்ல விடணும். அன்னத்தோட கழுத்து வளைவு அங்க படிக்கட்டாத்தான் வரும். எந்தப் படியில ஒரு கட்டம், எந்தப் படியில ரெண்டு கட்டம்னு சரியா வச்சாத்தான் அது அன்னம், ஒரு கட்டம் தவறினா வாத்து. பழைய ஆளுங்க மயிலையே விட்டுட்டுக் கண்ணை மட்டும் எடுத்து மயில்கண்ணுன்னாங்க, குயிலை விட்டுட்டுக் குயில்கண்ணுன்னாங்க. புட்டாவுல குண்டுமணி அளவு இடத்துக்கு அது போதும்.

மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசுப் பாறையில கீழ ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கும், பார்த்திருக்கியா? அதுக்கு ஒரு முடி கூடச் செதுக்கல. ஆனா அரிப்பு தெரியுது. அந்தப் பக்கம் தவம் பண்ற பூனை, காலடியில எலிங்க. அதுக்கும் முடி இல்ல, திருட்டு முழி மட்டும் பாக்கி. நீ முந்நூறு முடி போட்டும் உன் ஆட்டுக்கு அரிக்கவே இல்லையே!

முடி போடாதேன்னு சொல்லல, போடு. பென்சில் மூக்கை நீளமாச் சீவிக்கோ. முடி எந்தப் பக்கம் படுத்திருக்கோ அந்தப் பக்கமாவே, வேர்ல அழுத்தி நுனியில விட்டுடு. வெள்ளை முடிக்குப் பென்சிலே வேணாம், தாளே வெள்ளைதான். சுத்தி இருக்கிற நிழலைப் போட்டா அது தானா எழும்பும். விரலால தேய்க்காத, புகை மாதிரி ஆயிடும். கைக்கு அடியில ஒரு துண்டுத் தாள் வச்சுக்கோ. கண்ணைக் கடைசியில வை. கோயில் சிலைக்கே கடைசியிலதான் கண் திறக்கறாங்க. முதல்லயே கண்ணை வச்சா அந்த மிருகம் நீ பண்ற தப்பையெல்லாம் பார்த்துக்கிட்டே இருக்கும், உனக்குக் கை ஓடாது.

இன்னொண்ணு, அந்த ரப்பரைத் தூக்கிப் போடு. தொட்டதுக்கெல்லாம் அழிச்சா தாள் தேயும், புத்தி தேயாது. நான் நாப்பது வருஷத்துல...

உள்ளயிருந்து சிரிக்கறது யாருன்னு பாரு. உங்க பாட்டிதான். "அந்த யானைக் கதையைச் சொல்லுங்களேன்"ங்கறா. வாயில வெத்தலை இருந்தாலும் காது இங்கதான் இருக்கும்.

சொல்லித் தொலைக்கிறேன். எனக்கு இருபத்திரண்டு வயசு. கரைக்கு மூணு அங்குலத்துல ஒரு யானை போட்டேன். பின்னங்கால் சரியில்லன்னு தள்ளி வேற கால் போட்டவன், பழைய காலை அழிக்க மறந்துட்டேன். மை வைக்கும்போது ரெண்டுக்கும் வச்சுட்டேன். அட்டை குத்துறவர் யோக்கியர், கட்டத்துல இருக்கிறதை அப்படியே குத்திட்டார். கரை யானை தறியில நின்ன வாக்குல வளராதுடா, படுத்த வாக்குலதான் தும்பிக்கையில தொடங்கி வால்ல முடியும். அதனால நெய்யறவருக்கும் தெரியல. ரெண்டு கரையும் சேர்த்து 140 யானைக்கு மேல. 140 கால் அதிகப்படி!

கடையில விரிச்சாங்க. கல்யாணப் பொண்ணு பார்த்தா, மாமியார் பார்த்தா, நாலு அத்தை பார்த்தாங்க, ஒருத்தரும் கண்டுக்கல. கூட வந்த ஆறு வயசுப் பொண்ணு மட்டும் விரலை வச்சு எண்ணி, "இதுக்கு அஞ்சு காலு"ன்னுச்சு. கடைக்காரர் அசரல. "நடக்கிற யானைம்மா, எடுத்து வைக்கிற கால் அது"ன்னுட்டார். சேலை வித்துப் போச்சு. அடுத்த மாசம் அதே 'நடக்கிற யானை' இன்னும் நாலு வேணும்னு ஆளு வருது! நான் மூஞ்சியை எங்க வச்சுக்கறது?

அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். பணம் குடுக்கிறவங்க எல்லாம் பார்க்கறவங்க இல்ல. பார்க்கிற ஒரு ஜீவன் எங்கயோ ஒண்ணு இருக்கு, விரலை வச்சு எண்ணும்.

அதனால போய்ப் பின்தெரு ஆட்டுக் கிட்ட உட்காரு. வரைஞ்சதை எங்கிட்ட காட்டாத, எனக்குக் கண்ணுல புரை, பாசம் வேற, ரெண்டும் சேர்ந்து நல்லாருக்குன்னு சொல்லிடும். எதிர்வீட்டுல ஒண்ணாங்கிளாஸ் பொண்ணு இருக்கு, இப்பத்தான் பத்து வரைக்கும் எண்ணக் கத்திருக்கு. அதுகிட்ட காட்டு.

ஒரே ஒரு பென்சிலை எடுத்துக்கோ. ரப்பரையும் எடுத்துக்கோ, வேணாம்னு சொன்னதை மறந்துடு. டப்பாவை இங்கயே வச்சுட்டுப் போ, பாட்டி முறுக்கு சுட்டிருக்கா.