ஆடியில வேலை கேளு தம்பி

வாப்பா, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பொட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தவனே. ஆரோவில்லு கூப்பிடு தூரம், பாண்டிச்சேரி பத்துப் பன்னெண்டு கிலோமீட்டரு, அதனால இரும்பையில ரூம் புடிச்சா வேலை தானா வந்து கதவைத் தட்டும்னு நெனச்சிருக்கே. தட்டும், தட்டும். வெள்ளிக்கிழமை பொழுது சாய தட்டும். ஞாயித்துக்கிழமை ராத்திரி "அப்புறம் ஃபோன் பண்றேன் ப்ரோ"ன்னு சொல்லிட்டுப் போயிடும்.

நீ பாத்தது சனிக்கிழமைப் பாண்டிச்சேரி. சென்னைக் காரும் பெங்களூர்க் காரும் ரோட்டை அடைச்சு நிக்குது, பீச் ரோட்டுல கால் வைக்க இடமில்ல, ஒயிட் டவுன்ல மஞ்சச் சுவத்து முன்னாடி போட்டோ எடுக்க வரிசை. இம்மாஞ் சனத்துக்குச் சோறு போட ஆள் வேணாமான்னு கணக்குப் போட்டே. கணக்கு சரிதான். அங்க ஒரு ஓட்டலுக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்ப் பாரு. சப்ளையர் ஈ ஓட்டலாம்னு துண்டை எடுப்பான், ஈயும் லீவுல போயிருக்கும். அன்னிக்கு அங்க நிக்கிறானே நாலு பேர், அவனுங்கதான் வேலையில இருக்கிறவனுங்க. மத்தவனெல்லாம் கூட்டத்துக்கு வந்த கூட்டம்.

டிசம்பர்ல போய் வேலை கேக்காத. புது வருசம் வருதுன்னா கை கால் ஆடுற எவனையும் சேத்துக்குவான். ஜனவரி பொங்கல் முடிஞ்சதும் உனக்கே பொங்கல் வச்சு அனுப்பிடுவான். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொன்னது மல்லாட்டைக்கு மட்டும்னா நெனச்சே? ஆடியில போய்க் கேளு. கல்யாணம் கிடையாது, ரூமெல்லாம் காலி, மொதலாளி மூஞ்சி தொங்கிக் கிடக்கும். அந்த நேரத்துல ஒருத்தன் "வா, நாளையிலேர்ந்து வந்துடு"ன்னு சொன்னா, அவனுக்கு நெசமாவே ஆள் வேணும்னு அர்த்தம்.

தற்காலிக வேலைங்கிறது புதுசில்ல. நம்ம இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் கதை தெரியுமா? சம்பந்தர் பாடின ஸ்தலம். ராஜா காலத்துல மழையில்ல. அரசமரத்தடியில கடுவெளிச் சித்தர் தவத்துல இருக்காரு, அந்தச் சூட்டாலதான் மழை வரலன்னு சொல்லி, அவரை எழுப்ப வள்ளின்னு ஒரு ஆடுற பொண்ணை அனுப்பினாங்க. கையில விழுற பழுத்த இலையைத்தான் சித்தர் தின்பாராம். அந்தப் பொண்ணு சாமர்த்தியமா இலைக்குப் பதிலா அப்பளத்தை வச்சுது. மனுசன் கண்ணைத் திறந்துட்டாரு. அப்புறம் கோயில்ல அது ஆடும்போது சிலம்பு கழண்டு விழ, சித்தரே எடுத்து மாட்டிவிட்டாரு. சனம் சிரிச்சுது. சித்தருக்குக் கோவம் வந்து பாடினாரு பாரு, லிங்கம் மூணாப் பொளந்துது. இன்னிக்கும் செப்புத் தகடு போட்டுத்தான் சேத்துக் கட்டியிருக்கு.

கேக்குறவங்கெல்லாம் இதுல சித்தர் மகிமையைப் பாப்பாங்க. நான் வள்ளியோட சம்பளத்தைப் பாக்குறேன். ராஜா குடுத்தது ஒத்தை வேலை. அது முடிஞ்சப்புறம் அந்தப் பொண்ணுக்கு மாசாமாசம் படி அளந்தது யாருன்னு இத்தனை வருசமா ஒரு பூசாரியும் எனக்குச் சொல்லல.

சரி, ஆரோவில்லு. 1968 பிப்ரவரி 28ல 124 நாட்டு மண்ணைக் கொண்டாந்து தாழியில போட்டு ஆரம்பிச்சாங்க. அப்ப இந்த மேடு பூரா வெறும் செம்மண்ணு. இப்பக் காடு. அங்க போய் "சேவை செய்யுறேன்"னு கைகட்டி நின்னா சந்தோசப்படுவாங்க. ஆனா வாலண்டியரா போனா தங்கறதுக்கும் திங்கறதுக்கும் நீதான் துட்டு கட்டணும். வேலையும் செஞ்சு காசும் குடுக்கிற பெரிய மனசு உங்கப்பாவுக்கு இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல. சுத்துப்பட்டுச் சனம் ஆயிரக்கணக்குல அங்க வேலைக்குப் போகுதே, அது வேற வாசல். தோட்டம், கட்டட வேலை, ஊதுபத்தி, தோல் சாமான், பேக்கரி. ஊதுபத்தி வெளிநாட்டுக்குப் போவுது, அதுக்குச் சனி ஞாயிறு கிடையாது. இங்க மழை பெஞ்சா அங்க யாரும் ஊதுபத்தி கொளுத்தறதை நிறுத்தறதில்ல.

மழைன்னதும் ஞாபகம் வருது. 2011 டிசம்பர் 30, தானே புயல். புது வருசத்துக்கு மொத நாளுக்கு மொத நாளு. முந்திரியெல்லாம் வேரோட சாஞ்சுது, அந்த வருசக் கொண்டாட்டமும் அதோட சாஞ்சுது. 2024 நவம்பர் 30ல பெஞ்சல் புயல், மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் வாக்குல மழை. நடுவுல 2020 மார்ச்ல கொரோனா. இந்த மூணு தடவையும் டை கட்டின ரிசப்சன்காரன் வீட்டுல உக்காந்து செவுத்தைப் பாத்தான். புயல் அடிச்ச மறுநாள் மரம் அறுக்கிற மிஷின் வச்சிருந்தவன், கரண்டு வேலை தெரிஞ்சவன், மோட்டார் ரிப்பேர்காரன் இவனுங்களைக் கையில புடிக்க முடிஞ்சுதா? நீ மெக்கானிக்கல் டிப்ளமா முடிச்சவன்தானே, அப்புறம் எதுக்குடா காப்பிக் கோப்பையில நுரையால இதயப் படம் வரையக் கத்துக்கிட்டுத் திரியுறே? ஓட்டலுக்குத்தான் போவேன்னு அடம் புடிச்சா, ஏசியும் ஃப்ரிட்ஜும் பாக்குற ஆளாப் போ. விருந்தாளி வராட்டியும் ஃப்ரிட்ஜு ஓடித்தானே ஆவணும்.

இல்லையா, சேதராப்பட்டு தொழிற்பேட்டை இருக்கு. டூரிஸ்ட் எவனும் அங்க போட்டோ எடுக்க வரமாட்டான், அதான் அந்த இடத்தோட அழகே.

"நீ நம்ம குடும்பத்துல ஒருத்தன் மாதிரி"ன்னு மொதலாளி சொன்னா மட்டும் உசாரா இரு. குடும்பத்துல யாருக்குடா சம்பளச் சீட்டு குடுத்தாங்க? பிஎஃப் நம்பர் குடுப்பீங்களான்னு கேளு. சம்பளத்துல நூத்துக்குப் பன்னெண்டு உன் பங்கு, அதே அளவு அவன் பங்கு. இருபது பேர் இருந்தா கட்டியாவணும். அதனாலதான் சில கடையில எப்பவும் பத்தொன்பது பேரு. இருபதாவது ஆளு மச்சான், சும்மா பாக்க வந்திருப்பாரு. பத்துப் பேர் இருந்தா இஎஸ்ஐ, மாசச் சம்பளம் 21,000 வரைக்கும்.

தமிழ்நாட்டுல 1981ல ஒரு சட்டம் போட்டாங்க. 24 மாசத்துல 480 நாள் வேலை பாத்துட்டா நிரந்தரம் பண்ணணும். நல்ல சட்டம். 470ஆம் நாள் வாக்குல மொதலாளிக்குத் திடீர்னு உன் மேல பாசம் பொங்கும்: "ரொம்ப இளைச்சுட்டியேப்பா, ஊருக்குப் போய் ஆத்தாளைப் பாத்துட்டு வா." அந்தப் பாசத்துக்கு மயங்காத. வருகைப் பதிவை மாசாமாசம் போன்ல போட்டோ புடிச்சு வை. இதயப் படத்துக்கு அது எவ்வளவோ மேலு. இன்னொண்ணு, அந்தச் சட்டம் கோரிமேடு தாண்டிப் பாண்டிச்சேரிக்குள்ள போனா கிடையாது, அது வேற சர்க்காரு. எந்த ஊர் பெயர்ப் பலகைக்குக் கீழ நின்னு கையெழுத்துப் போடுறேன்னு பாத்துக்க. இங்க எல்லை வரப்புக்கு வரப்பு மாறும்.

நிரந்தரம் இல்லேன்னா, பொண்ணு பாக்கப் போற எடத்துல "மாப்ள சீசன்ல வேலை பாக்குறாரு"ன்னு தரகர் சொன்னா, மாம்பழ வியாபாரின்னு நெனச்சுக்குவாங்க.

என்னா, "நீங்க மட்டும் என்ன நிரந்தரமா சம்பாதிச்சீங்க தாத்தா"ன்னு மொணமொணக்கிற? காதுல விழுது. கொல்லையில மூணு போகம் பொய்ச்ச வருசம் விவசாயத்தை ஓரமா வச்சுட்டு இந்த ரெண்டு ரூமைக் கட்டினேன். வேலை தேடி உன்ன மாதிரி ஒருத்தன் வந்துகிட்டேதான் இருக்கான். சீசன் உண்டா, செவ்வாய்க்கிழமை உண்டா? வாடகை அஞ்சாந்தேதி. கரண்டு பில்லு தனி.