குதிகால் கௌரவம்

ஓடுகிறவனுக்குக் காலில் ஏதாவது வந்தால் அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வாய்க்க வேண்டும். பாதி வலி அதிலேயே குறைந்துவிடும். எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று நானும் சோபாவில் சாய்ந்து, காலைத் தூக்கி டீப்பாய் மேல் வைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, "பிளான்டர் ஃபேசியைட்டிஸ்" என்றேன். சொல்லும்போதே ரோமாபுரித் தளபதி ஒருவரின் பெயர் மாதிரி கம்பீரமாக இருந்தது.

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்க வலிக்குது?"

குதிகாலைக் காட்டினேன்.

"காலையில எழுந்து மொத அடி வைக்கும்போது ஆணி குத்துற மாதிரி இருக்கா? நாலு நடை நடந்தா விட்டுடுதா?"

ஆமாம் என்றேன், இவளுக்கு எப்படித் தெரியும் என்ற வியப்போடு.

"குதிகால் வலிங்க. எனக்கு மூணு வருஷமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, தாளிப்பு கருகுகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

மூன்று வருஷம்! ஒரே வீடு, ஒரே படுக்கையறை. காலையில் அவள் சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு போனதை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பேன்? அந்த நேரத்தில் நான் எலியட்ஸ் பீச்சில் ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஓட்டமும் எனக்கு வந்த கதை பெரிய கதையல்ல. நாற்பத்தேழு வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. நான் ஷூ வாங்கினேன். வாரத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை ஓடி முடித்ததும் பொங்கல் வடை. ஐந்து வருஷம் ஒரு தொந்தரவும் இல்லாமல் போயிற்று. பிறகு எங்கள் கிளைக்கு மாற்றலாகி வந்த ஒரு பையன், கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்துகொண்டே, போன ஜனவரியில் அரை மாரத்தான் முடித்தேன் சார் என்றான். இருபத்தோரு கிலோமீட்டர். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். என் காதில் மட்டும் அது சவாலாக விழுந்தது. ஒரே மாதத்தில் பதினைந்தை நாற்பதாக்கினேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் வெறும் முட்டாள்தனத்தோடு போயிருக்கும். நான் வரலாற்றையும் படித்தேன். ஷிவ்நாத் சிங் என்று ஒருவர். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தவர். இந்தியாவில் அதை முறியடிக்க ஆளில்லாமல் பல பத்தாண்டுகள் நின்றது அந்தச் சாதனை. வெறுங்காலில் ஓடிப் பேர் வாங்கியவர் அவர். இதில் என் மூளை எதைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறீர்கள்? பயிற்சியையா, ராணுவக் கட்டுப்பாட்டையா? வெறுங்காலை. மறுநாளே ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு பெசன்ட் நகர் மணலில் எட்டு கிலோமீட்டர். அவருக்கும் எனக்கும் அன்று இருந்த ஒரே ஒற்றுமை, இரண்டு பேருக்கும் பாதங்கள் இருந்தன.

மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, குதிகால் எலும்பில் சின்னதாக ஒரு முள் மாதிரி வளர்ந்திருப்பதைக் காட்டினார். நான் பெருமையோடு பார்த்தேன். "இது வலி இல்லாதவங்களுக்கும் இருக்கும், இதைக் கண்டுக்காதீங்க" என்று அதையும் பிடுங்கிக்கொண்டார். வலிப்பது அந்த முள் அல்லவாம். குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை பாதத்துக்கு அடியில் நாடா மாதிரி ஒரு பட்டை ஓடுகிறது. ராத்திரி முழுக்க அது சுருங்கிக் கிடக்கும். காலையில் முதல் அடியில் சட்டென்று இழுபடும். ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு காலில் இறங்குமாம். என் எடை எழுபத்தெட்டு. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: அடிக்கு ஏறக்குறைய எட்டு சிப்பம் அரிசி. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கூட இந்த வேலைக்குக் கூலி கேட்பார்.

பிசியோதெரபி பார்க்கும் பெண்ணுக்கு என் மகள் வயது. "ஆறு வாரம் ஓடக் கூடாது சார். தண்ணி பாட்டிலை ஃப்ரீசர்ல வெச்சு, கட்டியானதும் பாதத்துக்கு அடியில போட்டு உருட்டுங்க" என்றது. வீட்டிலோ மனைவி செங்கல்லைச் சுட வைத்து, அதன்மேல் எருக்கிலையைப் போட்டு, இதில் குதிகாலை வையுங்கள் என்றாள். அங்கே பனிக்கட்டி, இங்கே சூளை. காலையில் ஒரு கட்சியிலும் சாயங்காலம் இன்னொரு கட்சியிலுமாகக் கூட்டணி வைத்துக்கொண்டேன். குதிகால் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடவில்லை.

அந்த பாட்டில் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. திருநெல்வேலியிலிருந்து மைத்துனன் வந்திருந்தான். சித்திரை வெயில். கோயம்பேட்டிலிருந்து ஆட்டோவில் வெந்து வந்த மனிதன் நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து, மேல்தட்டில் பாதி உருகிய நிலையில் கிடந்த பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தான். "ஆகா! அமிர்தம்லா இருக்கு அத்தான்" என்றான். நான் மனைவியைப் பார்த்தேன், மனைவி என்னைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் இவ்வளவு முழுமையாக நாங்கள் ஒத்துப்போன தருணம் வேறு கிடையாது. இரண்டு பேரும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அவன் இந்தப் பத்திரிகையை வாங்குவதில்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன்.

அடுத்தது படிக்கட்டு. டென்மார்க்கில் யாரோ ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட வைத்தியமாம். ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, அதன்மேல் கால்விரல்களை ஊன்றி, குதிகால் அந்தரத்தில் தொங்க, மூன்று எண்ணும்வரை எழும்பி, இரண்டு எண்ணும்வரை நின்று, மூன்று எண்ணும்வரை இறங்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள். எங்கள் வீட்டுக்குள் படிக்கட்டு இல்லை. அடுக்குமாடியின் பொதுப் படிக்கட்டுதான். லிஃப்டுக்குக் காத்திருக்கும் குடியிருப்பு மொத்தத்துக்கும் முன்னால், தோளில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாகத் துண்டு போட்டுக்கொண்டு, ஒரு வங்கி அதிகாரி மெதுவாக உயர்ந்து மெதுவாகத் தாழ்வதை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம். மூன்றாம் மாடி மாமி முதல் நாள், "யாருக்காவது காத்துண்டிருக்கேளா?" என்றார். இரண்டாம் நாள், "இன்னும் வரலையா?" என்றார்.

ஐந்தாவது வாரம் வலி போய்விட்டது. போய்விட்டது என்று நான் முடிவுசெய்தேன் என்பதுதான் சரி. ஆறு வாரம் என்பது சாதாரண மக்களுக்கு. விளையாட்டு வீரர்களுக்கு ஐந்து போதும். அப்படி எந்தப் புத்தகத்திலும் போடவில்லை, நானே போட்டுக்கொண்டேன். ஒரு விடியற்காலை, நடக்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். நடக்கத்தான் செய்தேன், ஆரஞ்சு பனியன் போட்ட ஒரு மனிதர் என்னைத் தாண்டிப் போகும்வரை. தொப்பை வேறு வைத்திருந்தார். அவரைப் பிடிக்க ஒன்றரை கிலோமீட்டர் ஆயிற்று. பிடித்த கௌரவத்தைக் காப்பாற்ற இன்னும் மூன்று. மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து குளியலறைக்கு, பீரோ, கதவு, வாஷிங் மெஷின் என்று ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். அது திட்டவே இல்லை. நோட்டில் எழுதியிருந்த ஐந்தை அடித்து, பூஜ்யம் என்று எழுதியது.

மறுபடி ஆறு வாரம். ஒரு வழியாக உத்தரவு கிடைத்தது: ஒரு நிமிடம் ஓட்டம், நாலு நிமிடம் நடை, எட்டுத் தடவை. ஜெஃப் காலவே என்ற அமெரிக்கர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்துக்குப் போனவர், இப்படி நடுநடுவே நடக்கும் முறையை உலகத்துக்கே பரப்பினார் என்று தேடிப் படித்து மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் கடற்கரைச் சாலையில் நிற்கிறவர்களுக்குக் காலவேயைத் தெரியாதே! அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், மணிக்கட்டு கீச்சென்றதும் தலைதெறிக்க ஓடி, மறுபடி கீச்சென்றதும் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும் ஒரு மனிதன். சுண்டல்காரப் பையன் இரண்டு தடவை எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான், யார் துரத்துகிறார்கள் என்று.

ஒரு நிமிடத்தில் நான் கடந்தது நூற்று முப்பது மீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் மாரத்தானைத் தொடங்கி, மைதானத்துக்குள் வந்த பிறகும் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த மேடைவரை 385 கஜம் ஓடவிட்டார்கள். 1921இல் அந்த மொத்தத் தூரமே 42.195 கிலோமீட்டர் என்று சட்டமாகிவிட்டது. எவனோ கோட்டையிலிருந்து ஓடிவந்து, ராணி பார்க்கட்டும் என்று கடைசியில் சேர்த்துக்கொண்ட அந்த 385 கஜத்தை முடிக்க எனக்கு மூன்று தவணை தேவைப்பட்டது. நடுவில் எட்டு நிமிடம் ராணி காத்திருக்க வேண்டும்.

கடிகாரமும் துரோகம் செய்தது. உயிரைக் கொடுத்து நான் ஓடிக்கொண்டிருக்கும்போது அது லேசாக அதிர்ந்து, "நடைப்பயிற்சி செய்கிறீர்கள் போலிருக்கிறதே, பதிவு செய்யட்டுமா?" என்ற பொருள்பட ஒரு வரியைக் காட்டியது. எங்கள் தெருமுனை நாயாவது நாகரிகமானது. முன்பெல்லாம் தினமும் மின்கம்பத்திலிருந்து டீக்கடைவரை துரத்தும். இப்போது ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, மூடிக்கொண்டது.

ராத்திரி சாப்பாட்டின்போது இதையெல்லாம் புலம்பினேன். மகள்தான் ஆறுதல் சொன்னாள்: "ஃபௌஜா சிங் தாத்தா எண்பத்தொன்பது வயசுலதான்பா மொத மாரத்தான் ஓடினாரு. 2000இல், லண்டன்ல." எனக்குத் தெம்பு வந்தது. மனைவி மோர் ஊற்றிக்கொண்டே, "அப்ப உங்களுக்கு இன்னும் முப்பத்தேழு வருஷம் இருக்கு. பையப் போங்க" என்றாள்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது, வழக்கம்போல எனக்குத் தெரியாமல். ஒரு நாள் பிசியோ கிளினிக்குக்குத் துணைக்கு வந்த மனைவியை, அந்தப் பெண் சும்மா ஐந்து நிமிடம் காலைப் பிடித்துப் பார்த்து, அதே படிக்கட்டுப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்ததாம். இவள் துண்டும் விரிக்கவில்லை, நேரமும் ஒதுக்கவில்லை. அடுக்களை வாசல்படியில் நின்று, குக்கர் மூன்று விசில் வருவதற்குள் முடித்துக்கொண்டாள். ஏமாற்றவில்லை, ஆரஞ்சு பனியனை விரட்டவில்லை. மூன்றரை மாதத்தில் அவள் வலி போயிற்று. என்னுடையது போக ஆறு. அவளுடையது மூன்று வருஷப் பழையது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு வரலாம் என்று ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று வைத்தார்கள். இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்ற நிபந்தனையோடு எனக்கு அனுமதி. மனைவியும் பேர் கொடுத்தாள். சுங்குடிப் புடவை, அதற்குக் கீழே மகளுடைய பழைய ஷூ. நான் நாற்பத்திரண்டு நிமிடத்தில் முடித்தேன். கழுத்தில் மெடலைப் போட்டு, கையில் வாழைப்பழத்தைக் கொடுத்தார்கள். கூட்டத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சரி, அவள் எங்கே திணறிக்கொண்டிருக்கிறாளோ என்று இரக்கத்தோடு திரும்ப நடந்து போனேன். அரை கிலோமீட்டர் தள்ளி, இரண்டு பெண்களோடு மாவடு போடும் பக்குவம் பேசிக்கொண்டு, வியர்க்காமல் வந்துகொண்டிருந்தாள்.

கூடவே ஓடி, கைதூக்கி, எல்லைக்கோட்டைச் சேர்ந்து தாண்டலாம் என்று நினைத்தேன். மைக்கைப் பிடித்திருந்தவர், "புடவையிலே வர்ற நம்ம அம்மாவுக்கு ஒரு பெரிய கைதட்டல்!" என்றார். எல்லோரும் தட்டினார்கள். கேமராக்காரர் முட்டி போட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு தொண்டர் பையன் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, தாழ்ந்த குரலில், "சார், உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு குடுத்தாச்சே" என்றான்.

புகைப்படம் வந்தது. நடுவில் அவள், ஓரத்தில் ஒரு முழங்கை.

என் மெடல்கள் ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கின்றன. அவளுடையதற்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்தேன். அவள் அதைக் கொண்டுபோய் அடுப்புக்கு மேலே, கரண்டி மாட்டுகிற ஆணியில் மாட்டினாள். எண்ணெய் தெறித்துப் பாழாகிவிடுமே என்றேன்.

"தெறிக்கட்டும்" என்றாள். "இங்க நின்னுதானே வாங்கினேன்."