கோப்பியல்: யூட்டில்ஸ் படலம்

இணையதள மாட்யூலின் நிரலைக் கோப்புகளாகப் பிரிப்போர் மூவகைப்படுவர்.

முதல் வகையினர் பிரிக்காதவர். வேர்ட்பிரஸ் தீமின் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி ஒன்றே அவர்களுக்குப் போதும்.

இரண்டாம் வகையினர் பிரித்தே தீருபவர். ட்ரூபல் 7-இல் ஒரு பக்கத்தில் 'வணக்கம்' காட்ட ஓர் இன்ஃபோ கோப்பும் ஒரு மாட்யூல் கோப்பும் போதுமாக இருந்தன. 2013 டிசம்பரில் பிஎச்பி-ஃபிக் குழு பிஎஸ்ஆர்-4 விதியை ஏற்றது: கிளாஸின் பெயரும் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். 2015-இல் வந்த ட்ரூபல் 8 அதைச் சிரமேற்கொண்டது. அன்றுமுதல் அதே வணக்கத்துக்கு இன்ஃபோ ஒன்று, ரவுட்டிங் ஒன்று, எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள் கன்ட்ரோலர் ஃபோல்டர், அதற்குள் வணக்கம்கன்ட்ரோலர். காரணம் இல்லாமல் இல்லை. கிளாஸாகப் பிரித்தால், அந்த நிரல் அழைத்தபோது மட்டும் நினைவகத்தில் ஏறும். ஆனால் கோப்பின் பெயரில் ஒரு பெரிய எழுத்து சின்ன எழுத்தாகிவிட்டால், விண்டோஸ் மடிக்கணினியில் சமர்த்தாக ஓடியது லினக்ஸ் சர்வரில் ஏறியதும் 'கிளாஸ் இல்லை' என்று படுத்துவிடும். ஒற்றுப்பிழைக்கு இவ்வளவு கடுந்தண்டனை தமிழ்த்துறைகளில்கூட இல்லை.

இவ்வகையினர் அனைவரும் டேவிட் பார்னஸின் 1972-ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவர். வேலை நடக்கும் வரிசைப்படி பிரிக்காதீர், மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் ஒளித்துவையுங்கள் என்பது அதன் சாரம். மேற்கோள் காட்டிய கையோடு சிஎஸ்எஸ் ஓரிடம், ஜாவாஸ்கிரிப்ட் ஓரிடம், டெம்ப்ளேட் ஓரிடம் என்று அடுக்கிவிட்டு, ஒரு பட்டனை மாற்ற மூன்று ஃபோல்டர் ஏறி இறங்குவர்.

மூன்றாம் வகையினர், எங்கும் சேராததை யூட்டில்ஸ் கோப்பில் போடுபவர். மாலை ஆறு மணிக்கு மேல் முதல் இரு வகையினரும் இதில் அடங்குவர். தேதியைத் திருப்பிப் போடும் ஃபங்ஷன், ரூபாய்க்குக் காற்புள்ளி இடுவது, அதையே வேறு பெயரில் செய்வது, 'தயவுசெய்து அழிக்காதீர்' என்ற குறிப்போடு யாருமே அழைக்காத ஒன்று எல்லாம் இந்தப் பரணில் கிடக்கும். யூட்டில்ஸ்2, நியூயூட்டில்ஸ், ஓல்டுயூட்டில்ஸ் எனப் பாடபேதங்களும் உண்டு. காலத்தால் முந்தியது 'நியூ' என்று தொடங்குவதே என்பர் ஒரு சாரார். இன்றும் ஓடிக்கொண்டிருப்பது 'ஓல்டு' தான் என்பர் மறுசாரார். இரு சாராரும் தத்தம் பழைய கட்டுரைகளையே சான்று காட்டுவதால் விவாதம் ஆரோக்கியமாக உள்ளது.

யூட்டில்ஸ் கோப்பின் ஆசிரியர் யார்? கிட் பிளேம் கட்டளை வரிக்கு வரி ஒரு பெயர் தரும். ஆனால் அது அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர். ஃபார்மேட்டரை ஓட்டி இடைவெளியைச் சீராக்கியவர் கோப்பு முழுமைக்கும் ஆசிரியர் ஆகிவிடுவார். சுவடிப் பதிப்புகளின் அட்டையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இராது.