படுக்கை விரிப்புக்காக ஒரு படையெடுப்பு

அகமதாபாத்திலிருந்து கிளம்பிய எங்கள் பஸ், பாட்டன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரத்தில் மெஹ்சானாவில் டீ குடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் 'ராணி கி வாவ்' படிக்கிணற்றைப் பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர் பட்டோலா புடவை பார்க்க. முதல் கட்சிக்கு ஒரு நூறு ரூபாய் நோட்டே போதும். 2018-ல் வந்த நோட்டின் பின்பக்கத்தில் அந்தக் கிணறுதான் இருக்கிறது. இரண்டாம் கட்சிக்கு அந்த நோட்டு கட்டுக்கட்டாக இருந்தாலும் போதாது.

கிணற்றை வெட்டியது ராணி உதயமதி, 11-ஆம் நூற்றாண்டில், காலமான கணவர் முதலாம் பீமதேவரின் நினைவாக. கஜினி முகமது சோமநாதபுரத்தைக் கொள்ளையடிக்கப் போகும் வழியில் பாட்டனுக்கு வந்தபோது, தலைநகரை அப்படியே விட்டுவிட்டுக் கட்ச் பக்கம் கந்தகோட்டுக்குக் கம்பி நீட்டிய அதே பீமதேவர். "அடுத்த தடவை அவ்வளவு தூரம் ஓட வேண்டாமேன்னுதான் அந்தம்மா ஊருக்குள்ளேயே ஏழு அடுக்கு ஆழத்துக்குத் தோண்டியிருக்கா" என்று ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் ஆராய்ச்சி முடிவை அறிவித்தார். கைடு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பீமதேவர் திரும்பி வந்து பல வருஷம் ஆண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரஸ்வதி நதி வெள்ளம் கொண்டுவந்த வண்டல் கிணற்றை மூடிவிட்டது. மூடியது நல்லதாகப் போயிற்று. மூக்கும் முழியுமாகச் சிலைகள் மிஞ்சின. பெரிய சிற்பங்களே ஐந்நூறுக்கு மேல். 2014-ல் யுனெஸ்கோவும் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வராகர், வாமனர் எல்லோரையும் கும்பிட்டபடி இறங்கிய எங்கள் மாமிகள் ஒரே ஒரு பெண் சிலை முன்னால் நின்றுவிட்டார்கள். குரங்கு ஒன்று அவள் காலைப் பற்றிக்கொண்டு உடுப்பைப் பிடித்து இழுக்கிறது. "ஒரு ஊக்கு குத்தியிருந்தா இந்த அவஸ்தை உண்டா?" என்றார் மயிலாப்பூர் மாமி. ஆயிரம் வருஷம் கழித்து வந்த யோசனை.

பக்கத்துச் சுவர்களில் கட்டம் கட்டமாகச் செதுக்கிய கோலங்களைக் காட்டி, "இதுதான் பட்டோலா டிசைன்" என்றார் கைடு. அவ்வளவுதான், ராணி காலி. எல்லோரும் மேலே ஏறிவிட்டோம்.

பட்டோலா பாட்டனுக்கு வந்த கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட குமாரபாலர் பூஜைக்கு தினம் ஒரு புதுப் பட்டோலா உடுத்துவாராம். சரக்கு தெற்கே ஜால்னாவிலிருந்து. ஒருநாள் சேதி கசிந்தது: ஜால்னா ராஜா ஒவ்வொரு துணியையும் முதலில் தன் கட்டிலில் விரித்துப் படுத்து எழுந்த பிறகுதான் வெளியூருக்கு அனுப்புகிறார்! இத்தனை நாளும் சாமி முன்னால் பக்தியோடு கட்டிக்கொண்டு நின்றது இன்னொருத்தர் படுக்கை விரிப்பு. நீங்களும் நானும் கடைக்காரரோடு சண்டை போட்டிருப்போம். குமாரபாலர் படையெடுத்தார். ஜெயித்தார். திரும்பும்போது 700 சால்வி நெசவாளர் குடும்பங்களைக் கூடவே கூட்டிவந்து குடியமர்த்தினார். வர இஷ்டமா என்று அவர்களை யாராவது கேட்டார்களா என்று கதையில் இல்லை. சரித்திரப் புத்தகத்தில் இதற்குப் பெயர் கலையை ஆதரித்தல்.

இன்று நெய்வது விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான். அவர்களில் ஒரு வீட்டில் தறியைப் பார்த்தோம். ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் தறி. பாவு நூல், ஊடை நூல் இரண்டையும் நெய்வதற்கு முன்பே டிசைன்படி முடிச்சுப் போட்டுக் கட்டி, நிறம் நிறமாகச் சாயம் ஏற்றிவிடுகிறார்கள். தறியில் பாவின் சிவப்பு மேல் ஊடையின் சிவப்பு வந்து உட்கார வேண்டும். கொஞ்சம் நெய்கிறார்கள், நிறுத்துகிறார்கள், ஊசியால் ஒவ்வொரு நூலாக நகர்த்திச் சரி செய்கிறார்கள். நூல் தப்பினால் யானைக்குக் கால் கோணும். இரண்டு பேர் உட்கார்ந்து மாதக்கணக்கில் செய்தால் ஒரு புடவை. உள்பக்கம் வெளிப்பக்கம் வித்தியாசமே கிடையாது.

விலை லட்சங்களில். கேட்டதும் அத்தனை கணவர்களுக்கும் திடீரென்று தறியின் மரவேலையில் அக்கறை வந்துவிட்டது. மயிலாப்பூர் மாமி மட்டும் அசரவில்லை. கைடைக் கூப்பிட்டு, "அந்த ஜால்னா ராஜா ஒரு ராத்திரி படுத்து எழுந்தது ஏதாவது இருந்தா, விலை குறைச்சுத் தருவாளான்னு கேளுங்கோ" என்றார்.

கைடு அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.