தர்மகர்த்தா கையில சாவி

ஏலே பேராண்டி, லண்டன்ல வீடு வாங்கப் போறியாமே! பத்திரத்துல உன் பேரு மட்டும் போதும், பொண்டாட்டி பேரு எதுக்குன்னு உங்கப்பன்கிட்ட கேட்டியாம். சபாஷ்! வக்கீல் குமாஸ்தா பேரன்னு காட்டிட்டே. மேற்கொண்டு யோசனை நான் சொல்றேன், காதைக் குடு.

தவணையை மட்டும் நீ கட்டு. அரிசி, பருப்பு, சோபா, ஜன்னல் திரை எல்லாம் அந்தப் பிள்ளை சம்பளத்துல போகட்டும். கிஸ்ஸிங்னு ஒரு வெள்ளைக்காரம்மா, 1951-ல புருசன் பேர்ல வாங்கின வீட்டுக்கு 220 பவுண்டு போட்டுத் தட்டுமுட்டுச் சாமான் வாங்கி, புல்தரையும் போட்டாங்க. பத்து வருசத்துல அந்த ஆளு விட்டுட்டுப் போயிட்டாரு. 1970-ல பிரபுக்கள் சபை என்ன சொல்லுச்சு? 'வீட்டுல உனக்கு ஒரு செங்கல்லும் கிடையாது தாயி'ன்னுட்டுது.

ஆனா சூதானமா இருக்கணும்லே. அந்த ஊருச் சட்டத்துல டிரஸ்ட்னு ஒண்ணு இருக்கு. தர்மகர்த்தா கையில சாவி இருக்குங்கிறதுக்காகக் கோயில் நிலம் அவன் அப்பன் வீட்டுச் சொத்தாயிருமா? அதே கதைதான். பத்திரத்துல உன் பேரு, பாத்தியதையில அவளுக்கும் பங்குன்னு கோர்ட்டு சொல்லிப்பிடும்.

அதனால பொய் மட்டும் சொல்லாதே. ஒருத்தன், கூட வாழ்ந்தவகிட்ட 'உனக்கு இன்னும் இருபத்தொண்ணு ஆகல, அதான் பத்திரத்துல பேரு போட முடியல'ன்னு கதை விட்டான். அவளும் நம்பி, 14 பவுண்டு எடைச் சம்மட்டியால முன்வாசல் காங்கிரீட்டை உடைச்சா. 1975-ல டென்னிங் பிரபுன்னு ஒரு ஜட்ஜு அவளுக்குக் கால் பங்கு குடுத்தாரு. அவன் சொன்ன பொய்யே அவளுக்குச் சாட்சியாப் போச்சு! இன்னொரு அம்மா, தாலி கட்டாம ஒருத்தனோட 19 வருசம் குடும்பம் நடத்தி, ரெண்டு பிள்ளைகளை வளர்த்தாங்க. 1984-ல வெறுங்கையோட வெளிய வந்தாங்க. சம்மட்டி தூக்கினவளுக்குக் கால் பங்கு, பிள்ளை தூக்கினவளுக்குப் பட்டை நாமம். என்ன நியாயமோ!

இதையெல்லாம் கேட்டு நாக்கைச் சப்புக் கொட்டாதலே. நீதான் ஊரைக் கூட்டிக் கல்யாணம் பண்ணித் தொலைச்சுட்டியே! விவாகரத்துன்னு கோர்ட்டு வாசல் ஏறினா, பத்திரத்துல யாரு பேரு இருந்தாலும் பிரிச்சுக் குடுக்க ஜட்ஜுக்கு 1973-லயே சட்டம் அதிகாரம் குடுத்துருக்கு. அடுப்பு ஊதினதும் பிள்ளை வளர்த்ததும் அங்க கணக்குல வரும். நான் சொல்லிக் குடுத்த கெட்டிக்காரத்தனமெல்லாம் உனக்குக் காலணாவுக்கு ஆகாது.

நீ கடன்ல முங்கி, பேங்க்காரன் கதவைத் தட்டும்போதுதான் பேரோட அருமை தெரியும். 1980-ல போலண்டுன்னு ஒரு வழக்கு. வீடு புருசன் பேர்ல. ஆனா பொண்டாட்டி காசும் போட்டிருந்தா, வீட்டுலயும் இருந்தா. அவளை ஒரு வார்த்தை கேக்காம கடன் குடுத்த பேங்க்கால அவளைக் கிளப்ப முடியல. 1990-ல ரோசெட் வழக்குல, பாழடைஞ்ச பண்ணை வீட்டுக்கு ஆள் வச்சு மேய்ச்சு, பெயிண்டும் அடிச்ச அம்மாவுக்குப் பங்கே இல்லேன்னு போச்சு. பேங்க் ஜெயிச்சுது.

ஆகவே ரெண்டு பேரு பேரையும் போடு. பங்கு பாதிப் பாதியா, வேற கணக்கான்னு வாங்கும்போதே எழுதிக் கையெழுத்தும் போட்டுரு. எழுதாம விட்ட ஒரு ஜோடிக்கு, வீடு ரெண்டு பேர் பேர்ல இருந்தும் 2011-ல தொண்ணூறுக்குப் பத்துன்னு பிரிஞ்சுது. அதுக்கு அஞ்சு ஜட்ஜு உக்காந்தாங்க; வக்கீல் பீஸ் எவ்வளவு ஆயிருக்கும்னு நீயே யோசிச்சுக்கோ.

மாட்டேன்னா உன் இஷ்டம். அந்தப் பிள்ளைக்கு யோசனை சொல்லவும் இந்தக் கிழவன்தான் இருக்கேன். அவகிட்ட பீஸ்கூட வாங்க மாட்டேன்.