நாய்க்கு ராத்திரி லீவு

வாங்க மாப்ளே, உக்காருங்க. ராஜபாளையம் வாங்கியாந்திருக்கீங்கன்னு ஊரே பேசுது. வெள்ளை வெளேர்னு மேலு, ரோசா மூக்கு. பகலெல்லாம் ரெண்டு முழச் சங்கிலி. பொழுது உழுந்தா அவுத்து உட்டுப்போடறீங்க. தாராளம்னா இதுதானுங்க! காவலுக்கு வாங்குன நாய் ராத்திரியில உங்கூட்டைத் தவுத்து ஊருல அத்தனை ஊட்டையும் காக்குது.

நேத்து விடியால அது திரும்பி வாரப்ப வாயோரத்துல ஆட்டு மசுரு. தெக்கால பட்டியில குட்டிக கொரவளை கிழிஞ்சு கெடந்துச்சு. கேட்டா, "தெருநாய் வேலைங்க மாமா"ங்கறீங்க. நெசந்தான். சங்கிலி கழண்டா தெருநாய். விடிஞ்சு போசியில சோறு வெச்சா மறுக்கா உங்க நாய். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் செத்த ஆட்டை ரோட்டுல போட்டு மறியல் பண்ணுனாங்களே, அந்தச் சனத்துக்கு இந்தக் கணக்கு வெளங்கமாட்டேங்குது.

முந்தி உங்க பழைய பொட்டை நாய் ஈனுச்சே. கடுவனையெல்லாம் ஆளுக்கொண்ணு தூக்கிட்டுப் போயிட்டாங்க. பொட்டைக் குட்டிகளைச் சாக்குல கட்டி, ஆரும் பாக்காம சந்தப்பேட்டையில உட்டுட்டு வந்தீங்க. கொல்ல மனசு வரலியாமா! அதுகளும் வளந்துச்சு. சினை புடிச்சா 63 நாளு, ஈத்துக்கு அஞ்சாறு குட்டி. இப்பத் தெருநாய்க்குப் பஞ்சாயத்துல ஒண்ணும் பண்றதில்லைன்னு டீக்கடையில நீங்கதான் பெருஞ்சத்தம். சுப்ரீம் கோர்ட்டே 2025 ஆகஸ்ட் 11-ல டில்லி நாயையெல்லாம் புடிச்சு அடைங்கன்னுச்சு. 22-ல, வெறி புடிச்சது, கடிக்கறது போக மிச்சத்துக்குக் கருத்தடை ஆபரேசன் பண்ணி, வெறிநாய் ஊசியும் போட்டு, புடிச்ச எடத்துலயே உடுங்கன்னுச்சு. சாக்குமூட்டைக்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆபரேசன்னா உங்க மொகம் சுருங்குது. "பாவம் மாமா"ங்கறீங்க. சாக்குல கட்டறப்ப வராத பாவம் மாட்டாசுபத்திரி வாசல்ல வருது.

வெறிநாய் ஊசி குட்டிக்கு மூணு மாசத்துல ஒண்ணு, அப்பறம் வருசா வருசம். அதையும் போடாம உங்களுக்குக் காசு மிச்சம்! உங்க நாய் கடிச்ச பக்கத்தூட்டுப் பையன் போட்டுக்கறானே: கடிச்ச அன்னிக்கு, அப்பறம் 3, 7, 28-ஆம் நாளுன்னு நாலு நடை. அவங்கம்மா கடிவாய்ல மொளகாப்பொடி அப்பப் போனா. நாந்தான் புடுங்கிப் போட்டு, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் குழாத்தண்ணியில கழுவ வெச்சேன். நீங்க அப்பவும் தெருநாய்னுதான் சொல்லிட்டிருந்தீங்க.

சரி, நாளைக்குக் காத்தால மாட்டாசுபத்திரிக்கு ஓட்டிட்டுப் போங்க. சீட்டு எழுதறப்ப நாய் ஆருதுன்னு டாக்டர் கேப்பாரு. அங்க என்னைக் கை காட்டிப்போடாதீங்க மாப்ளே.