அப்பா ஜெர்மனியில் பார்க்கும் வேலை

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. இந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் எங்கள் காலேஜ் மெக்கானிக்கல் பசங்களில் பாதிப் பேர் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தோம். அடுத்த வரியைக் கன்சல்டன்ஸிக்காரர் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: ஒரு வருஷச் சாப்பாட்டுக் காசை ‘பிளாக்டு அக்கவுண்ட்’டில் முன்கூட்டியே கட்டியாக வேண்டும். இன்றைய கணக்கில் 11,904 யூரோ. நான் போனபோது இதைவிடக் குறைச்சல்; அப்பாவின் ஜி.பி.எஃப். அதைவிடக் குறைச்சல். கட்டிய பணத்தை மாதாமாதம் அளந்துதான் நமக்கே தருவார்கள். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. “பையன் கையில மொத்தமாக் குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு பாரு, அவன்தான்டா கவர்மென்ட்.”

அப்பா பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். எந்தக் காகிதத்துக்கும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைத் தபாலில் தனக்கே அனுப்பிக்கொள்ளக் கூடியவர். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ கட்டத்தைக் காலியாக விட்டால் வெளிநாட்டில் வம்பு என்று யாரோ சொல்ல, என் இனிஷியலை விரித்து அவர் பெயரை அங்கே தானே எழுதினார். அன்றோடு என் கதை முடிந்தது.

ஏனென்றால் அந்த ஊரில் முன்பின் தெரியாதவரைக் குடும்பப் பெயரால்தான் அழைப்பார்கள். ‘ஹெர்’ போட்டு அப்பாவைக் கூப்பிடுவார்கள். நான் எழுந்து நிற்பேன். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அம்மா ஒருநாளும் உச்சரிக்காத பெயரை, வங்கி கவுன்ட்டரில் இருக்கும் பெண் வாய் நிறையச் சொன்னாள். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். பதிந்ததும் வரி எண் தபாலில் வரும். அதன் பின்னாலேயே ஒலிபரப்புக் கட்டணத்துக்கான கடிதம் வரும்: மாதம் 18.36 யூரோ, வீட்டில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். இவை கைக்கு வர வேண்டுமானால் தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். ஃபிளாட்டுக்குத் தனி எண்ணெல்லாம் கிடையாது. தபால்காரர் பெயரைத்தான் பார்ப்பார். ஒட்டினேன். வாடகை வீட்டில் பெயர்ப்பலகை மாட்ட ஹவுஸ் ஓனர் விடவில்லை என்று ஆயுள் முழுக்கக் குறைபட்டுக்கொண்ட மனிதருக்கு, நான் படிக்கப் போன கெம்னிட்ஸ் நகரத்தில் பெயர் தொங்கியது.

கெம்னிட்ஸ் 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் நகரம் என்றே அழைக்கப்பட்டது. நடு ஊரில் மார்க்ஸின் தலை மட்டும் 7 மீட்டர் உயரத்துக்கு இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறது. அதை போட்டோ எடுத்து அனுப்பினேன். சங்கப் பொறுப்பில் இருந்த அப்பா அதைக் கும்பிட்டாரா, கோஷம் போட்டாரா என்று தெரியாது. பதில் மட்டும் வந்தது: “தபால் பெட்டியையும் எடுத்து அனுப்பு.”

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. தெர்மோடைனமிக்ஸில் 1.3. போனில் அம்மா, “எத்தனைக்குடா?” என்றாள். அங்கே 1.0தான் உச்சம், 4.0க்கு மேல் போனால் ஃபெயில் என்று விளக்கினேன். மறுமுனையில் நீண்ட மௌனம். “காசு கொடுத்துப் படிச்சிருந்தா கூடப் போட்டிருப்பாங்களோ என்னவோ” என்றாள். சொந்தபந்தத்தில் ஒருவரிடமும் என் மார்க்கைச் சொல்வதில்லை என்று குடும்பமே முடிவெடுத்தது. பட்டச் சான்றிதழ் வந்த பிறகு, அதில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் அப்பா சமாதானமானார்.

படித்து முடித்ததும் வேலை தேட 18 மாதம் தருவார்கள். தாராளமான நாடு என்று தோன்றும். விண்ணப்பித்து, நிராகரிப்புக் கடிதங்களை வரிசையாகப் படித்த பின்தான் புரியும், அந்த 18 மாதமும் மரியாதை கற்றுக்கொள்ளக் கொடுத்த அவகாசம் என்று. அவ்வளவு பணிவாக என்னை யாரும் வேண்டாமென்று சொன்னதில்லை. அதுவும் என்னையா சொன்னார்கள்? உறை மேலும் உள்ளேயும் அப்பா பெயர்தான். அன்றிரவெல்லாம் நிம்மதியாகத் தூங்கினேன்.

கடைசியில் ஸ்டுட்கார்ட் பக்கம், காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. வேலை விசாவாக ‘நீல அட்டை’ வந்தது. பி1 ஜெர்மன் தேறினால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு, ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். ஆறு மாதத்தை மிச்சம் பிடிக்க, பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஆணா பெண்ணா இரண்டுமில்லையா என்று மனப்பாடம் செய்தேன். பிறகு டீம் லீடர் ஆனேன். அறை வாசலில் பலகை மாட்டினார்கள். எழுத்தராகச் சேர்ந்து சார்பதிவாளர் நாற்காலியை எட்டாமலே ஓய்வு பெற்ற அப்பாவுக்கு, அறுபதைத் தாண்டிப் பதவி உயர்வு. தெருவில் கேட்பவர்களிடம், “ஜெர்மனியில நமக்குக் கீழ எட்டுப் பேரு” என்று சொல்லிவருவதாக அம்மா சொன்னாள்.

போன மாதம் ஓய்வூதியக் காப்பீட்டிலிருந்து கடிதம் வந்தது. ஐந்து வருஷம் சந்தா கட்டி, 27 வயதும் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் வருவது. இதே போக்கில் சம்பாதித்தால் 67 வயதில் மாதம் எவ்வளவு பென்ஷன் என்று பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டிருந்தது. வழக்கம்போல ‘மதிப்புக்குரிய ஹெர்’ என்று தொடங்கி அப்பா பெயர். படம் பிடித்து அனுப்பினேன். பெயரையும் தொகையையும் மட்டும் படித்துவிட்டு உடனே கூப்பிட்டார்.

“அறுபத்தேழுன்னுதானடா போட்டிருக்கு?”

“ஆமாப்பா.”

“எனக்கு அறுபத்தொம்பது நடக்குது. ரெண்டு வருஷ அரியர்ஸுக்குத் தனியா மனு குடுக்கணுமா?”